உளமருத்துவத்தை எங்கே கற்பது? யாழ்ப்பாணத்து இளம் வைத்தியருக்கு முன்னால் உள்ள வழிகள்

உள்ளகப் பயிற்சி முடிந்து முதல் நியமனத்துக்குப் பெயர்ப்பட்டியல் வரும்வரை காத்திருக்கிற அந்த இடைக்காலத்தில் யாழ்ப்பாணத்து இளம் வைத்தியர் வீடுகள் எல்லாம் ஏறக்குறைய ஒரே மாதிரித்தான் இருக்கும். மேசையில் இங்கிலாந்துப் பதிவுக்கான பிளாப் பரீட்சையின் குறிப்புகள். கைபேசியில் மெல்பேர்ணுக்குப் போன பட்ச் அண்ணாவின் நீண்ட குரல்பதிவு. குசினிக்குள் இருந்து "கனடாவில மாமா இருக்கிறார்தானே, அவரிட்டக் கேளன்" என்று அம்மா. இந்தச் சந்தடிக்குள் ஒருவர் "நான் சைக்கியாட்ரி செய்யப்போறன்" என்று சொன்னால், "ஏன் பிள்ளை, வேற ஒண்டும் கிடைக்கேல்லையோ?" என்ற கேள்வி இன்றைக்கும் வரத்தான் செய்கிறது. லண்டனில் செய்யப்போகிறேன் என்று சேர்த்துச் சொன்னால் மட்டும் கொஞ்சம் தணியும்.

இந்தக் கட்டுரை அந்தக் கேள்வியைத் தாண்டி வந்தவர்களுக்கு. உளமருத்துவம் என்று தீர்மானித்தாயிற்று, எங்கே கற்பது, எங்கே வேலை செய்வது என்பதுதான் மிச்சம். நான் இங்கே படித்து, பயிற்சியின் கடைசிப் பகுதியில் இங்கிலாந்தில் வேலை செய்து, திரும்பி வந்த ஆள். என் தராசு எந்தப் பக்கம் சாயும் என்பதை முன்கூட்டியே தெரிந்துகொண்டு வாசியுங்கள்.

சம்பளம், விசா, பரீட்சைக் கட்டணம் மூன்றையும் எல்லோரும் ஒப்பிடுகிறார்கள். அதற்கென்றே வாட்ஸ்அப் குழுக்கள் இருக்கின்றன. சத்திரசிகிச்சைக்கோ மயக்கமருந்துத் துறைக்கோ அந்த ஒப்பீடு பெரும்பாலும் போதும். எங்கள் துறையில் கருவியே வாய்ப்பேச்சு. அதை எந்த மொழியில் பழகுகிறோம், யார் பக்கத்தில் இருந்து திருத்துகிறார், எந்தச் சட்டத்துக்குள் நின்று ஒருவரை அவர் விருப்பத்துக்கு மாறாக விடுதியில் வைக்கிறோம் என்பவையும் சேர்ந்ததுதான் பயிற்சி. நாட்டுக்கு நாடு பெரிதாக மாறுவதும் இவைதான். இவற்றைப் பற்றி அந்தக் குழுக்களில் யாரும் பேசிக் கண்டதில்லை.

கொழும்பு வழி

பட்டப்பின் மருத்துவ நிறுவகம் 1980 இல் கொழும்புப் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து உருவானது. இலங்கையில் விசேட நிபுணராக வேண்டுமானால் அந்த வாசலால்தான் போகவேண்டும். முதலில் தெரிவுப் பரீட்சை. பிறகு றெஜிஸ்ட்ரார் என்ற பயிற்சி வைத்தியராகச் சுமார் மூன்று ஆண்டு, எம்.டி. என்ற பட்டப்பின் பரீட்சை, அதன்பின் சீனியர் றெஜிஸ்ட்ராராக இரண்டு ஆண்டு. அந்த இரண்டில் ஒன்றை வெளிநாட்டில் செய்வது பாடத்திட்டத்தின் பகுதி. சிறுவர் உளமருத்துவம், நீதிமன்றம் சார்ந்த உளமருத்துவம், முதியோர் உளமருத்துவம் என்று கிளை பிரிந்தால் காலம் இன்னும் நீளும். தெரிவுப் பரீட்சைக்குக் காத்திருப்பு, முடிவுக்குக் காத்திருப்பு, வெளிநாட்டு இடத்துக்குக் காத்திருப்பு என்று இடைவெளிகளும் சேர, முப்பதுகளின் நடுவில்தான் ஒருவர் கொன்சல்டன்ட், அதாவது விசேட நிபுணர், ஆகிறார்.

இந்த வழியின் பெரிய ஆறுதல், பயிற்சிக்காலம் முழுவதும் சம்பளம் வருவது. ஓ.எல்., ஏ.எல். தொடக்கம் மருத்துவப் பட்டம் வரை காசு கட்டாமல் படித்து, அதன்பின் சம்பளமும் வாங்கிக்கொண்டு நிபுணராவது எல்லா நாட்டிலும் கிடைக்கிற வசதி இல்லை. ஆனால் 2022 இல் ரூபாய் விழுந்த பிறகு அந்தச் சம்பளத்தின் பெறுமதி என்ன ஆனது என்று வாடகைக்குக் கொழும்பில் அறை தேடியவர்களுக்குத் தெரியும். 2024 தொடக்கத்தில் வைத்தியர்களுக்குச் சம்பளத்தோடு சேர்த்துத் தரும் டி.ஏ.டி. கொடுப்பனவு 35,000 ரூபாவில் இருந்து 70,000 ரூபாவாக உயர்ந்தது. அதுவும் போராட்டத்துக்குப் பிறகுதான்.

பயிற்சி இடங்களில் பெரும்பகுதி தெற்கில். அங்கொடை தேசிய மனநல நிறுவகம், கொழும்பு, றாகம, களுபோவில, கண்டி, காலி. இங்கேதான் யாழ்ப்பாணத்து றெஜிஸ்ட்ராருக்கு மற்றத் துறைக்காரருக்கு இல்லாத ஒரு சுமை வருகிறது. வயிற்றைத் தொட்டுப் பார்த்து வலி எங்கே என்று கேட்க அரைகுறைச் சிங்களம் போதும். ஒருவருடைய சிந்தனை ஒழுங்கு குலைந்திருக்கிறதா, அல்லது அவர் பேசும் பேச்சுவழக்கு எனக்குப் பிடிபடவில்லையா என்று தீர்மானிக்க அது போதாது. முதல் சில மாதங்கள் தாதியர்தான் காப்பாற்றுவார்கள். நேர்மையாகச் சொன்னால், அந்தத் தடுமாற்றத்தோடு வேலை செய்யப் பழகியவருக்கு இங்கிலாந்தில் லிவர்பூல்காரரின் ஆங்கிலம் பயத்தைத் தராது.

கற்பிக்கும் முறை பழைய குருகுலத்துக்குக் கிட்டவானது. கொன்சல்டன்டுக்குப் பின்னால் நடந்து, அவர் நோயாளியோடு பேசுவதைப் பார்த்து, அவர் கேட்கும் கேள்விக்குத் திணறி, அடுத்த நாள் திணறாமல் இருக்கப் படித்து வருவது. நல்ல ஆள் கிடைத்தால் இதைவிடச் சிறந்த பயிற்சி உலகில் இல்லை என்பேன். கிடைக்காவிட்டால் முறையிட இடமும் இல்லை. மேற்பார்வை என்பது ஆளின் குணத்தில் தங்கியிருக்கிறது, ஒழுங்குவிதியில் இல்லை. வேலை நேரத்துக்கும் நடைமுறையில் உச்சவரம்பு கிடையாது. ஆனாலும் இரவுக் கடமையில் மருத்துவ விடுதி, பிரசவ விடுதி அளவுக்கு நாங்கள் கிழிபடுவதில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

பார்க்கக் கிடைக்கும் நோயாளிகள் விடயத்தில் இந்த நாட்டோடு எந்த நாடும் போட்டி போட முடியாது. ஒரு காலைக் கிளினிக்கில் காணும் பல்வகை நோய்களை இங்கிலாந்தில் காண மாதங்கள் பிடிக்கும். சாப்பாடும் தண்ணீரும் இன்றி உறைந்துபோய்க் கிடக்கும் கட்டற்றோனியா நோயாளி மின்னதிர்வுச் சிகிச்சையின் பின் எழுந்து தேத்தண்ணி கேட்பதை இங்கே பயிற்சியின் தொடக்கத்திலேயே பார்த்துவிடலாம். போர், கடல்கோள், காணாமல் ஆக்கப்பட்டவர்களுக்காகக் காத்திருக்கும் குடும்பங்கள், ஊரை விட்டுப்போன ஒரு தலைமுறை, இப்போது ஐஸும் ஹெரோயினும் எடுக்கிற பிள்ளைகள். இவை எல்லாம் ஒரே கதிரையில் வந்து உட்காரும். போர்க்காலத்தில் பேராசிரியர் தயா சோமசுந்தரம் போன்ற மிகச் சிலர் வடக்கில் இந்தப் பாரத்தைச் சுமந்தார்கள். இன்றைக்கு நிலைமை அவ்வளவு மோசமில்லை. ஆனாலும் இலங்கையில் இலட்சம் பேருக்கு ஓர் உளமருத்துவர் என்ற கணக்குக்கூட இன்னும் எட்டவில்லை.

நெடுந்தீவுக்காரரும் குளோசபினும்

வேலைச் சூழலை ஒப்பிட எனக்குத் தெரிந்த நேரான வழி, ஒரே மருந்தை இரண்டு ஊரில் கொடுத்துப் பார்ப்பது. மற்ற மருந்துகளுக்குக் கட்டுப்படாத சிசோபிரேனியாவுக்குக் குளோசபின். வெள்ளணு குறையும் ஆபத்து இருப்பதால் முதல் 18 வாரமும் வாராவாரம் இரத்தம் பார்க்கவேண்டும். 48 மணித்தியாலத்துக்கு மேல் மருந்து தவறினால் பழைய அளவை அப்படியே தொடர முடியாது, மறுபடி 12.5 மில்லிகிராமில் இருந்து படிப்படியாக ஏற்றவேண்டும். இந்த விதி லண்டனிலும் யாழ்ப்பாணத்துத் தெல்லிப்பழை வைத்தியசாலையிலும் ஒன்றுதான்.

நெடுந்தீவில் இருந்து வரும் ஒருவரை எடுத்துக்கொள்ளுங்கள். குறிகட்டுவானுக்குப் படகு, அங்கிருந்து பஸ், யாழ்ப்பாணத்தில் இறங்கி இன்னொரு பஸ். மாரியில் கடல் கொந்தளித்தால் படகு ஓடாது. இரத்தப் பரிசோதனை தவறும், அதோடு மருந்தும் தீரும். மூன்றாம் நாள் அவருடைய அம்மா கிளினிக் கொப்பியையும் கொண்டு வந்து நிற்பார். கிளினிக்கில் இருக்கும் இளம் வைத்தியர் அந்த நெரிசலில் கேட்கவேண்டிய முதற் கேள்வி, "கடைசிக் குளிசை எப்ப போட்டவர்?" அதைக் கேட்காமல் பழைய அளவையே எழுதிக்கொடுத்தால் இரத்த அழுத்தம் விழுந்து ஆள் சரியலாம். கேட்டால், விடுதியில் சேர்க்கவேண்டி வரும். ஆட்டையும் மாட்டையும் யார் பார்ப்பது என்ற பேச்சு தொடங்கும். இந்த இரண்டுக்கும் நடுவில் முடிவெடுக்கப் பழகுவதுதான் இங்கே கிடைக்கும் பயிற்சி.

இங்கிலாந்தில் இதே நோயாளிக்கு ஒரு பராமரிப்பு ஒருங்கிணைப்பாளர் இருப்பார், பெரும்பாலும் சமூக உளநலத் தாதி. இரத்தம் எடுக்கத் தனிக் கிளினிக், அறிக்கை வந்தால்தான் மருந்தை விடுவிக்கும் கண்காணிப்புச் சேவை, தவறினால் வீட்டுக் கதவைத் தட்டும் ஆள். வைத்தியருக்கு வேலை குறைவு என்று நினைக்காதீர்கள். அவர் அந்த நேரத்தில் கணினிக்கு முன் இருந்து இடர் மதிப்பீட்டுப் படிவம் நிரப்பிக்கொண்டிருப்பார். இங்கே முடிவு கனம், அங்கே பதிவு கனம். இரண்டிலும் களைப்பு வரும், ஆனால் ஒரே களைப்பு இல்லை.

இங்கிலாந்து

அங்கே பயிற்சி இரண்டு துண்டு. மூன்று ஆண்டு அடிப்படைப் பயிற்சி, அதற்குள் றோயல் உளமருத்துவர் கல்லூரியின் எம்.ஆர்.சி.சைக் பரீட்சையில் ஏ, பி எழுத்துத் தாள்களும் காஸ்க் என்னும் செய்முறைத் தேர்வும். பிறகு மூன்று ஆண்டு உயர் பயிற்சி. முடிவில் பொது, சிறுவர், முதியோர், நீதிமன்றம் சார்ந்தது, அறிவுசார் குறைபாடு, உளச்சிகிச்சை என்று ஆறு துறைகளில் ஒன்றில் சான்றிதழ்.

இந்த முறையில் எனக்கு உண்மையில் பொறாமை தருவது ஒன்றே ஒன்று: வாரத்தில் ஒரு மணித்தியாலம். பயிற்சியில் இருப்பவரும் அவருடைய கொன்சல்டன்டும் கதவைச் சாத்திவிட்டு இருந்து பேசவேண்டும் என்பது அந்தக் கல்லூரியின் விதி. விடுதிச் சுற்று அதில் சேராது. கிளினிக்கில் போகிற போக்கில் கேட்டதும் சேராது. அந்த மணித்தியாலத்தில் நோயாளியைப் பற்றி மட்டுமன்றி, "அந்த ஆள் கத்தினபோது எனக்குக் கை நடுங்கினது" என்பதையும் சொல்லலாம். தன் நோயாளி ஒருவர் தற்கொலை செய்துகொண்ட வாரத்தில் ஓர் இளம் வைத்தியருக்கு இந்த ஒரு மணித்தியாலம் இருக்கிறதா இல்லையா என்பதைப் பொறுத்து அவர் துறையில் நிலைப்பதும் விலகுவதும் தீர்மானமாகலாம். அதோடு ஒவ்வொருவரும் ஒரு நீண்ட உளச்சிகிச்சையும் ஒரு குறுகிய உளச்சிகிச்சையும் தானே செய்து முடிக்கவேண்டும். நீண்டதென்றால் இருபது அமர்வுக்குக் குறையாது. எங்கள் கிளினிக்கில் ஒரே ஆளோடு அவ்வளவு தரம் முழுதாக இருந்து பேசக் கிடைப்பது அருமை.

வேலை நேரம் சராசரியாக வாரம் 48 மணிக்கு உட்பட்டது. மீறினால் எழுத்தில் முறையிடலாம், அதைக் கவனிக்க ஒவ்வொரு அமைப்பிலும் ஒருவர் நியமிக்கப்பட்டிருப்பார். அடிப்படைப் பயிற்சியின் முதலாண்டுக்கு இங்கிலாந்தில் 2025-26 அடிப்படைச் சம்பளம் சுமார் 52,600 பவுண். ரூபாயில் பெருக்கிப் பார்த்து மயங்காதீர்கள். வாடகை, வரி, பிள்ளைப் பராமரிப்பு என்று கழித்துப் பார்த்துவிட்டு மயங்குங்கள். அந்த நாட்டு இளம் வைத்தியர்களே 2023 இல் இருந்து சம்பளத்துக்காகத் திரும்பத் திரும்ப வேலைநிறுத்தம் செய்கிறார்கள்.

இரவுக் கடமை வேறு விதம். ஒரே ஆள் பல விடுதிகளுக்குப் பொறுப்பு. பொலிஸார் உளநலச் சட்டத்தின் 136 ஆம் பிரிவின் கீழ் தெருவில் இருந்து கொண்டுவந்த ஆளைப் பார்க்கவேண்டும், தனிமை அறையில் இருப்பவரைக் குறித்த நேரத்துக்கு ஒருமுறை பார்க்கவேண்டும், விழுந்த முதியவரின் தலையைப் பார்க்கவேண்டும். சேர்க்கவேண்டும் என்று முடிவெடுத்த பிறகு கட்டில் இல்லை என்பார்கள், நூறு மைலுக்கு அப்பால் ஒரு கட்டில் கிடைக்கும். கட்டில் இல்லாவிட்டால் நிலத்தில் பாய் போட்டாவது சேர்க்கும் எங்கள் ஊர் வைத்தியருக்கு இது முதலில் விளங்கவே விளங்காது.

சட்டத்தை அங்கேதான் நான் சரியாகப் படித்தேன். 1983 ஆம் ஆண்டு உளநலச் சட்டத்தின்படி 2 ஆம் பிரிவு என்றால் 28 நாள், 3 ஆம் பிரிவு என்றால் ஆறு மாதம் வரை. நோயாளி மேன்முறையிடலாம், சட்டத்தரணி வருவார், தீர்ப்பாயத்துக்கு முன் நீங்கள் எழுதிய அறிக்கையை நீங்களே காக்கவேண்டும். இலங்கையில் அடிப்படைச் சட்டம் 1873 இல் வந்தது, 1956 இல் திருத்தியது. நடைமுறையில் குடும்பம் கூட்டிவருகிறது, குடும்பம் கூட்டிப்போகிறது. வசதியான ஏற்பாடுதான். ஆனால் ஒருவரை அடைத்து வைக்க எனக்கு என்ன உரிமை என்று கேட்டு, அதற்குக் கடதாசியில் விடை எழுதிப் பழகாதவர் முழுமையான உளமருத்துவர் ஆகமாட்டார் என்பது என் அபிப்பிராயம்.

இனிக் கசப்பான பகுதி. 2017 இல் இங்கிலாந்து உளமருத்துவத்துக்கு ஆள் தேடிப் பிரசாரம் செய்தது. 2019 இல் வைத்தியர் அனைவரும் தட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்ந்தார்கள், வெளிநாட்டவருக்கு முதற் சுற்றிலேயே விண்ணப்பிக்க வழி திறந்தது. அந்தக் காலத்தில் போன அண்ணாமார் அக்காமாரின் அறிவுரை இன்றைக்குப் பொருந்தாது. உளமருத்துவ அடிப்படைப் பயிற்சிக்கு இப்போது இடங்களைப் போலப் பன்மடங்கு விண்ணப்பங்கள், தெரிவு முழுக்க எம்.எஸ்.ஆர்.ஏ. என்ற ஒரே கணினித் தேர்வின் புள்ளியில். 2025 யூலையில் வந்த பத்தாண்டுச் சுகாதாரத் திட்டம் உள்நாட்டுப் பட்டதாரிகளுக்கும் அங்கே கணிசமான காலம் வேலை செய்தவர்களுக்கும் முன்னுரிமை என்று அறிவித்தது. 2026 தொடக்கத்தில் அதற்கான சட்டமூலமும் பாராளுமன்றத்துக்கு வந்தது. பிளாப் முதற் தாளைக் கொழும்பிலேயே எழுதி, இரண்டாவதை மான்செஸ்டரில் முடித்து, பதிவும் எடுத்து, வேலை இல்லாமல் உறவினர் வீட்டு மேல்மாடி அறையில் இருந்து விண்ணப்பம் போடுகிறவர்கள் இப்போது நிறையப் பேர். உளமருத்துவத்துக்காக மட்டும் பிளாப் வழியால் போவதை இந்த நிலையில் நான் யாருக்கும் சொல்லமாட்டேன்.

வேறு இரண்டு கதவுகள் இன்னும் திறந்திருக்கின்றன. ஒன்று, எம்.டி.ஐ. என்ற பயிற்சித் திட்டம். அதிகபட்சம் இரண்டு ஆண்டு, பிளாப் தேவையில்லை, முடிந்ததும் நாடு திரும்பவேண்டும். நமது சீனியர் றெஜிஸ்ட்ரார்களின் வெளிநாட்டு ஆண்டுக்குத் தைத்த சட்டை மாதிரி. மற்றது, இங்கே பயிற்சியில் இருந்துகொண்டே எம்.ஆர்.சி.சைக் எழுதுவது. அதை முழுதாக முடித்தவர் அந்தத் தகைமையை வைத்தே பதிவுக்கு விண்ணப்பிக்கலாம்.

அவுஸ்திரேலியா

அவுஸ்திரேலியா, நியூசிலாந்து இரண்டுக்கும் ஒரே உளமருத்துவர் கல்லூரி. ஆகக் குறைந்தது ஐந்து ஆண்டு, மூன்று கட்டம். சிறுவர் உளமருத்துவமும் பொது மருத்துவ விடுதிகளில் உளமருத்துவ ஆலோசனையும் கட்டாயம். ஒரே நோயாளியோடு 40 அமர்வு உளச்சிகிச்சை செய்து எழுதிக் கொடுக்கவேண்டும், ஓர் ஆய்வு வேலையும் உண்டு. இங்கிலாந்தை விடப் பயிற்சி இறுக்கம், பரீட்சைகளும் இலகுவில்லை. சம்பளமும் வேலைக்கும் வீட்டுக்குமான சமநிலையும் கூட நல்லது என்று போனவர்கள் சொல்கிறார்கள், அதில் பொய்யில்லை.

ஆனால் நேரே பயிற்சிக்குள் நுழைய முடியாது. அவுஸ்திரேலிய மருத்துவ சபையின் ஏ.எம்.சி. பரீட்சைகள், ஒரு வைத்தியசாலையில் மேற்பார்வையின் கீழ் வேலை, பொதுப் பதிவு, அதன்பிறகுதான் விண்ணப்பம். அந்த முதல் வேலை கிடைப்பதுதான் மலை. கிடைத்தால் அது சிட்னியாக இராது, வரைபடத்தில் விரலால் தேடவேண்டிய ஊராக இருக்கும். பிற்பாடு தனியார் முறையில், மெடிகெயார் என்ற அரச மருத்துவக் காப்புறுதி ஊடாக, நோயாளி பார்க்க நினைத்தாலும், வெளிநாட்டில் படித்தவர் பத்து ஆண்டுகளுக்கு ஆள் தட்டுப்பாடான பிரதேசங்களில்தான் அதைச் செய்யலாம் என்று விதி. நெடுந்தீவில் வேலை செய்ய மனமில்லாமல் புறப்பட்டவர் அதைவிடத் தூரமான இடத்தில் போய் இருப்பதை நினைத்தால் எனக்குச் சில நேரம் சிரிப்பு வரும்.

அங்கே எல்லாம் பாலும் தேனும் என்று எண்ணவும் வேண்டாம். 2025 யனவரியில் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தின் அரச சேவையில் இருந்த உளமருத்துவர்களில் சுமார் 200 பேர் இராஜிநாமாக் கடிதம் கொடுத்தார்கள். கேட்டது 25 வீத ஊதிய உயர்வு, சொன்ன காரணம் ஆளில்லாத விடுதிகளைத் தாங்க முடியாமை. பயிற்சியில் இருப்பவரின் கண்ணால் இதைப் பாருங்கள். மேற்பார்வை செய்யும் கொன்சல்டன்ட் போய்விட்டால் அந்தப் பயிற்சி இடம் அங்கீகாரத்தைத் தக்கவைப்பதே கஷ்டமாகும். பணக்கார நாட்டிலும் அரச உளநல சேவை கடைசிப் பிள்ளைதான்.

எம்.டி. முடித்த பிறகு நிபுணராகப் போகிறவரைக் கல்லூரி தனியே மதிப்பிடும்: முழு அளவில் ஒப்பு, பகுதி அளவில் ஒப்பு, ஒப்பில்லை என்று மூன்று பெட்டி. எந்தப் பெட்டியில் விழுவீர்கள் என்பதைப் பொறுத்து அங்கே மறுபடி செலவிடும் ஆண்டுகள் மாறும். இங்கிலாந்தில் பயிற்சியை முழுதாக முடித்தவருக்கு 2024 இறுதியில் இருந்து விரைவு வழி ஒன்றும் உண்டு. முதலில் இங்கிலாந்து, பிறகு அவுஸ்திரேலியா என்று இரண்டு பாய்ச்சலாகப் பலர் திட்டமிடுவதற்கு அதுவே காரணம்.

மற்றவை, சுருக்கமாக

கனடாவில் மாமா இருப்பது பயிற்சிக்கு உதவாது. அங்கே ஐந்து ஆண்டுப் பயிற்சிக்கு விண்ணப்பிக்கவே குடியுரிமையோ நிரந்தர வதிவுரிமையோ வேண்டும். ஒன்ராறியோவில் இடம் கிடைத்த வெளிநாட்டுப் பட்டதாரி பிறகு மாகாணம் சொல்லும் பகுதியில் ஐந்து ஆண்டு வேலை செய்யவும் கடமைப்பட்டவர். உறவினரின் ஸ்பொன்சரில் குடியேறப்போகிறவர்கள் மட்டும் யோசிக்கலாம்.

அமெரிக்காவில் நான்கே ஆண்டு, இந்தியாவை விட்டால் இங்கே சொல்லும் நாடுகளில் உளமருத்துவராக ஆகக் குறுகிய வழி. வேலை நேரம் வாரம் 80 மணி வரை அனுமதி, ஆனால் உளமருத்துவத்தில் வழக்கமாக அவ்வளவுக்குப் போகாது. 2022 இல் இருந்து அங்கத்தைய அனுமதிப் பரீட்சையின் முதற் படியான ஸ்டெப் 1 வெறும் சித்தி அல்லது சித்தியின்மை என்றாகிவிட்டதால், புள்ளியால் பளிச்சிடும் வாய்ப்பு வெளிநாட்டவருக்குக் குறைந்தது. ஜே-1 விசாவில் போனவர் முடித்ததும் இரண்டு ஆண்டு நாடு திரும்பவேண்டும், அல்லது ஆளில்லாப் பிரதேசத்தில் வேலை செய்து விலக்குப் பெறவேண்டும்.

ஜேர்மனியில் ஐந்து ஆண்டு, அதில் ஓராண்டு நரம்பியல். சுவிஸில் ஆறு. இரண்டிலும் பட்டத்தின் பெயரிலேயே உளச்சிகிச்சையும் சேர்ந்திருக்கும், பயிற்சியும் அதற்கேற்ப ஆழமானது. ஜேர்மன் மொழியில் ஒருவரின் துக்கத்தைக் கேட்கும் அளவுக்குத் தேறுவதற்கான ஆண்டுகளையும் கணக்கில் எடுங்கள். அங்கே வளர்ந்த நம் பிள்ளைகள் இந்தத் துறைக்கு வந்தால் அது வேறு கதை. பேர்ணிலும் சூரிச்சிலும் தமிழில் பேசக்கூடிய உளமருத்துவருக்கு வேலைக்குப் பஞ்சம் வராது.

இந்தியாவில் எம்.டி. மூன்று ஆண்டு. பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல நிறுவனத்தின் தரம் பற்றிச் சொல்லத் தேவையில்லை. சென்னைக் கீழ்ப்பாக்கத்தில் தமிழிலேயே நோயாளியோடு பேசிப் பழகலாம், அது வேறெங்கும் கிடைக்காத வசதி. 2001 இல் ஏர்வாடியில் சங்கிலியில் கட்டப்பட்டிருந்தவர்கள் தீயில் மாண்ட பிறகு தமிழ்நாட்டில் மாவட்ட அளவில் நடந்த மாற்றங்களும் படிக்கவேண்டியவை. ஆனால் அந்த எம்.டி.யோடு வந்து இலங்கைச் சுகாதார அமைச்சில் நேரே கொன்சல்டன்ட் நியமனம் கேட்க முடியாது. குறுகிய காலம் போய்ப் பார்த்து வருவது நல்லது, முழுப் பயிற்சிக்கு அல்ல.

திரும்பி வரும் கதவு

மேலே இந்தியாவுக்குச் சொன்னது எல்லா நாட்டுக்கும் பொருந்தும். அரச சேவையில் நிபுணராக நியமனம் பெற பட்டப்பின் நிறுவகத்தின் சபைச் சான்று வேண்டும். இங்கிலாந்தில் ஆறு ஆண்டு பயின்று முழுத் தகைமையோடு வந்தாலும், யாழ். போதனா வைத்தியசாலையில் அந்தக் கதிரை தானாகக் கிடைக்காது. தனியார் வைத்தியசாலையில் மாலையில் சனல் செய்யலாம், அதாவது காசுக்கு நோயாளி பார்க்கலாம். ஆனால் கிளினிக் கொப்பியோடு வரிசையில் நிற்கும் ஆட்கள் சனலுக்கு வரமாட்டார்கள். "இருபது வருசம் உழைச்சிட்டு ஊருக்கு வந்து சேவை செய்வன்" என்று சொல்லிப் புறப்படுகிறவர்கள் இந்த விதியைத் தெரிந்துகொண்டு புறப்படுவது நல்லது.

எதிர்ப்பக்கக் கதவு அவ்வளவு இறுக்கமில்லை. இங்கே எம்.டி. முடித்து, வெளிநாட்டு ஆண்டும் செய்து, கொன்சல்டன்டாகச் சில ஆண்டு வேலை பார்த்தவர் பிறகு வெளியே போக நினைத்தால், சுற்றுவழிதான், ஆனாலும் வழி உண்டு. போகவும் இருக்கவும் ஒருசேர இடம் வைக்கும் வழி இப்போதைக்குக் கொழும்பு வழி ஒன்றுதான். ஆகவே முடிவு செய்யாதவர்கள் அதையே எடுக்கலாம். வெளிநாட்டு ஆண்டை இங்கிலாந்தில் செய்து, அங்கே வாராந்த மேற்பார்வையையும் உளச்சிகிச்சையையும் உறிஞ்சி எடுத்துக்கொண்டு வந்தால் இரண்டு நாட்டின் நல்லதும் ஓரளவு சேர்ந்துவிடும்.

ஊரில் இருக்கவே முடியாது என்று தெளிவாகத் தெரிந்தவர்கள், அது கல்யாணத்தாலோ பிள்ளைகளின் படிப்பாலோ வேறு என்ன காரணத்தாலோ இருக்கட்டும், எம்.டி.யில் ஐந்தாறு ஆண்டைக் கழித்துவிட்டுப் போகாமல் இப்போதே போவது சரி. அவர்களுக்கு நான் அவுஸ்திரேலியாவை முன்னே வைப்பேன். ஊர்ப்புறத்தில் இரண்டு மூன்று ஆண்டு தனியே கிடக்கத் தயார் என்றால் மட்டும். ஊரை விட்டுப் போவதை நினைத்து யாரும் கவலைப்பட வேண்டியதில்லை. போகிறவரைத் துரோகி என்று சொல்லும் பேச்சு எனக்குப் பிடிப்பதில்லை. 2022 இல் மருந்தும் மின்சாரமும் இல்லாத மாதங்களை அனுபவித்த எவருக்கும் அப்படிப் பேச வாய் வராது.

நான் வேண்டாம் என்று அழுத்திச் சொல்வது ஒன்றைத்தான். பிளாப்பும் எழுதி, ஏ.எம்.சி.யும் எழுதி, தெரிவுப் பரீட்சைக்கும் பணம் கட்டி, எது முதலில் சரிவருதோ அது என்று இருப்பது. மூன்றுக்கும் படிக்கிற பாடம் வேறு, செலவோ இலட்சக்கணக்கு. அதற்குள் மூன்று நான்கு ஆண்டு போய்விடும். நோயாளியோடு இருந்து பழகவேண்டிய வயது அது.

விண்ணப்பம் போட முன் இரண்டு வேலை செய்யுங்கள். முதலாவது, தெல்லிப்பழையிலோ போதனா வைத்தியசாலையிலோ உளமருத்துவப் பிரிவில் வேலை செய்ய நியமனமோ இணைப்போ கிடைக்குமா என்று கேட்டுப் பாருங்கள். உங்களுக்கு இந்தத் துறை சரிவருமா என்பது கிளினிக்கில் நாற்பதாவது ஆளைப் பார்க்கும்போது தெரியும். இரண்டாவது, வெளிநாட்டு ஆண்டுக்குச் சம்பளத்தோடு விடுமுறை தரும்போது அமைச்சு உங்களிடம் பிணை முறியில் கையெழுத்து வாங்கும். திரும்பாவிட்டால் நீங்கள் மட்டுமன்றிப் பிணை நின்றவர்களும் பணம் கட்டவேண்டும். பெரும்பாலும் அது உங்கள் மாமாவாகவோ அப்பாவோடு படிப்பித்த ஒரு மாஸ்டராகவோ இருக்கும். முறியின் பிரதியை இப்போதே ஒருவரிடம் வாங்கி, தொகையும் காலமும் எவ்வளவு என்று வாசித்துப் பாருங்கள். அவரிடம் கையெழுத்துக் கேட்டுப் போகும்போது அதையும் காட்டிவிட்டுக் கேளுங்கள்.